தெரிந்த வழியைக் கேட்கிறவர்

திருகோணமலையில், அநுராதபுரச் சந்தியில் சைக்கிளை நிறுத்தி, "கந்தளாய்க்கு எந்தப் பக்கத்தால போற?" என்று கேட்கிற மனிதரோடு பயணம் போயிருக்கிறீர்களா? நான் மூன்று தடவை போயிருக்கிறேன். கேட்டவர் வெளியூர்க்காரர் அல்ல. கிண்ணியாவில் பிறந்தவர். திருகோணமலைத் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடமாக லோஞ்சில், அதுதான் மோட்டார்ப் படகில், சுக்கான் பிடிக்கிறவர். கந்தளாய் றோட்டில் எந்த மைல் கல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பாலை மரம் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்.

கேட்கப்பட்டவர் அந்தச் சந்தியில் அன்னாசி வெட்டி விற்பவர். அவருக்கும் இவரை நன்றாகத் தெரியும்.

"என்ன நானா, விடியக் காலமையே பகிடியோ?"

"பகிடி இல்ல தம்பி. சொல்லுங்க."

அன்னாசிக்காரர் கையிலிருந்த கத்தியாலேயே றோட்டைக் காட்டினார்.

"அப்ப சரி. கண்டி தாண்டிப் போறம். பத்து நாளையில திரும்பிருவம்."

மானம் போகிறதே என்று நான் நாலு அடி தள்ளிப் போய், எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். துறைமுகக் களஞ்சியத்தில் நான் கிளாக்கர். லிங்கநகரில் வீடு. கோப்பில் ஒரு தாள் இடம் மாறினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பயணம் என்று முடிவெடுத்ததுமே நில அளவைப் படங்களைத் தேடி வாங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெய்ச் சீலையில் சுற்றிச் சைக்கிள் பையில் வைத்துவிட்டேன். கையில் படம் வைத்திருப்பவன் தெருவில் நின்று வழி கேட்பதாவது!

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கதவு. மாரியில் மகாவலி பெருகினால் கொட்டியாரக் குடாவுக்குள் மலைநாட்டு மரமெல்லாம் மிதந்து வரும். மூங்கில், பலா, வேரோடு பிடுங்கிய பாக்கு என்று லோஞ்சுக்கு முன்னால் வந்து குறுக்கே கிடக்கும். ஒரு முறை அவர் ஒரு கதவைக் கட்டியிழுத்து ஜெட்டிக்குக் கொண்டுவந்தார். நல்ல பலாப் பலகைக் கதவு. நிலையின் ஒரு துண்டு ஒட்டியபடியே இருந்தது. பூட்டும் பூட்டியபடி. களஞ்சியத்தில் பதிவதற்காக நான் பேனையோடு போனேன். அவர் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பூட்டிட்டுப் போயிருக்காங்க கிளாக்கர். அப்ப திரும்பி வாற எண்ணத்திலதான் போயிருக்காங்க. இந்த வீடு எங்க இருந்திருக்கும்?"

"மேல எங்கயோ மலையில."

"அந்த மலையப் போய்ப் பாக்க வேணும். இந்த ஆறு எங்கெங்க விழுந்து எழும்பி எங்கட வாசலுக்கு வருகுது எண்டு பாக்க வேணும்."

எனக்கும் சைக்கிள் பைத்தியம் இருந்தது. லீவு எழுதிக் கொடுத்தோம். அறுபதுகளின் தொடக்கம் அது. ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சத் தூரம் மேலே போவது என்று பேச்சு.

ஆள் குள்ளம். கழுத்து தடிப்பு. கடல் வெளிச்சத்தில் சுருக்கிச் சுருக்கிப் பழகிய கண்கள். நிழலில் நின்றாலும் அவை விரியாது. சைக்கிள், கம்பிப் பிரேக் வைத்த கறுத்த இங்கிலாந்து வண்டி. பின் கரியரில் ஒரு தகர டப்பாவில் மனைவி இடித்துக் கொடுத்த மாசிச் சம்பல். அந்தச் சம்பல் இருந்தால் பாணும் போதும், ரொட்டியும் போதும், ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் சம்பலும் போதும் என்பார். ஏற்றத்தில் பாடுவார். இறக்கத்தில் வாயே திறக்கமாட்டார். இரண்டு கையும் பிரேக்கில் இருக்கும். அவரோடு போவது சுகமான வேலைதான், அந்த ஒரு பழக்கம் மட்டும் இல்லாவிட்டால்.

தம்பலகாமத்தில் வயலுக்குள் நின்றவரைக் கூப்பிட்டுக் கேட்டார். கந்தளாயில் குளக்கட்டில் உடுப்புத் தோய்த்த பெண்களிடம் கேட்டார். ஹபரணையில் யானை நிற்கிறது என்று பஸ்ஸே நின்றுவிட்ட இடத்தில், பஸ் டிரைவரிடம் போய்த் தம்புள்ளைக்கு வழி கேட்டார். அதற்கு அங்கால் சிங்கள ஊர்கள். அவருடைய சிங்களம் ஒரு பிடி. அந்த ஒரு பிடியையும் இதற்குத்தான் செலவழித்தார். "மாத்தையா, பார கோ?" றோட்டு எங்கே என்று அர்த்தம். றோட்டில் நின்றுகொண்டே கேட்பார். கேட்கப்பட்டவர் காலடியைக் காட்டிச் சிரிப்பார். இவரும் சிரிப்பார். பிறகு கையை ஆட்டி, விரலை மடக்கி, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்.

அதோடு விட்டால் பரவாயில்லை. திரும்பி வரும்போதும் ஒவ்வொரு ஆளிடமும் நிறுத்தி, "வந்துட்டம்" என்று சொல்ல வேண்டும். நாவுலயில் ஒரு கிழவர், சதா இருமிக்கொண்டு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். போகும்போது வழி கேட்டவர், வரும்போது இருமலை விசாரித்தார். அடுத்த வருடம் அந்த இருமலுக்கென்று மருந்து கொண்டுபோனார். இப்படியே போனால் பத்து நாள் பயணம் பன்னிரண்டு நாளாகத்தானே செய்யும்?

இரண்டாம் வருடம் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். கண்டிக்கு அங்கால், மலை இரண்டாகப் பிளந்த ஓர் இடத்தில் மகாவலி வெள்ளையாக நுரைத்து விழுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தோம். கொட்டியாரத்தில் சோம்பலாகக் கிடக்கிற ஆறு இங்கே இப்படிக் குதிக்கிறதே என்று அவருக்கு ஒரே புளுகமும் சந்தோஷமும்.

"நானா, வழி தெரிஞ்சுகொண்டு ஏன் கேக்கிறனீங்கள்? படம் என்னட்டக் கிடக்குது."

"ஜெட்டியில இருந்து லோஞ்ச எடுக்கக்குள்ள என்ன செய்யிற நான்?"

"எங்க போறன், எப்ப வருவன் எண்டு ஜெட்டிக்காரருக்குச் சொல்லிப்போட்டுப் போவீங்கள்."

"சொன்ன நேரத்துக்கு வராட்டி?"

"தேடி ஆள் போகும்."

"றோட்டில போறவனுக்கு ஜெட்டி எங்க கிளாக்கர்?"

"அப்ப சும்மா சொல்லிப்போட்டுப் போறதுதானே. ஏன் தெரியாத ஆள் மாதிரிக் கேக்க வேணும்?"

அவர் ஒரு கல்லை எடுத்து ஆற்றுக்குள் எறிந்தார். "சும்மா சொன்னா ஒருத்தரும் மனசில வெக்கமாட்டாங்க. வழி கேட்டுப் பாருங்க. காட்டின ஆள் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நிப்பார், நான் சொன்ன பக்கத்தாலதான் போறானா எண்டு. பிறகும் நினைப்பார், போய்ச் சேர்ந்திருப்பானா எண்டு. வழி காட்டினவருக்கு அதில ஒரு பங்கு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலில் கிடந்து கிடந்து மனிதருக்குத் தரை பயமாகிவிட்டது என்று நினைத்தேன். பிற்பாடு வீட்டில் மனைவியிடமும் அப்படியே சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாம் வருடம் கண்டியிலிருந்து தெல்தெனியாவைத் தாண்டி மேலே ஏறினோம். மகியங்கனைக்கு இறங்குகிற பெரிய வளைவுகளைப் பார்ப்பதுதான் திட்டம். நடுவழியில் றோட்டு இரண்டாகப் பிரிகிற ஒரு கவர்ச் சந்தி. ஒரு மூலையில் தகரக் கொட்டில். வாழைக்குலையும் கொத்தமல்லித் தண்ணியும் விற்கிற ஒரு சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும். பெரிய றோட்டு இடப்பக்கம் திரும்பியது. என் படத்திலோ வலப்பக்கம் புள்ளிக் கோடாக ஒரு குறுக்கு வழி, நேரே ஆற்றங்கரைக்கு இறங்கி, சுற்றிவந்து மறுபடி பெரிய றோட்டில் சேர்ந்தது. அவர் வழக்கம்போலக் கொட்டில் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். அன்று காலையிலிருந்து அது ஏழாவது ஆள்.

"நீங்கள் கேட்டுக்கொண்டு நில்லுங்கோ. நான் கீழ ஆத்தடியில நிப்பன்" என்று கத்திவிட்டு, தலையில் இருந்த வெயில் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வலப்பக்கம் திருப்பினேன். அவர் காதில் அது விழவில்லை. பின்னால் அந்தப் பெண் பெரிதாகக் கூப்பிட்டாள். வாழைப்பழம் விற்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் திரும்பியே பார்க்கவில்லை.

புள்ளிக் கோடு தேயிலைத் தோட்டத்துக்குள் போனது. படம் பழையது. தோட்டத்துக்கு அங்கால் வழியின் பாதியை மழை கொண்டுபோயிருந்தது, அது படத்தில் இல்லை. இறக்கம். ஈரக் களி. பிரேக்கை இறுக்கினேன், சைக்கிள் நிற்கவில்லை. அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முப்பதடி கீழே ஓர் ஓடையின் கல்லிடுக்கில் கிடந்தேன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது என்று பார்க்காமலே தெரிந்தது. கொஞ்சம் கீழே பேராறு இரைந்துகொண்டிருந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மலையில் மழை பெய்தால் இந்த ஓடை எவ்வளவு உயரத்துக்கு எழும்பும் என்பதைப் பாறையில் ஒட்டியிருந்த சருகு காட்டியது. அது என் தலைக்கு மேலே இருந்தது. மேலே மலை இருட்டிக்கொண்டு வந்தது. செத்துப்போவேன் என்று நினைத்தேன். நான் எங்கே இருக்கிறேன் என்பது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

நாலு மணித்தியாலம் கழித்து மேலே அவருடைய தலை தெரிந்தது. கூடவே கயிறும் கம்பும் வைத்திருந்த இரண்டு தோட்டத் தொழிலாளர்கள். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். உடனே பாய்ந்து இறங்குவார் என்றுதானே நினைப்பீர்கள்? பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்ணிடம் திரும்பி, "தங்கச்சி, கீழ இறங்கிற வழி எது?" என்று கேட்டார். வலியோடு வலியாக எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"அந்தப் பக்கம் போவாதீங்க ஐயா, மண்ணு வுழுந்துரும். இப்புடி வாங்க" என்று அவள் காட்டினாள். அவர் இறங்கி முடிகிற வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கால் வைத்திருக்கக்கூடிய இடம் சற்று நேரத்தில் பொலபொலவென்று சரிந்ததை நான் கீழே கிடந்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். கொட்டில்காரி அவருக்கு இடப்பக்கத்தைக் காட்டியிருக்கிறாள். கூட வந்தவர் வலப்பக்கம் போய்விட்டார் என்று சொல்லவும் பார்த்திருக்கிறாள், இவருக்குச் சிங்களம் பிடிபடவில்லை. போனார். அடுத்த கடையில் கேட்டால் சைக்கிள் ஒன்றும் வரவில்லை என்றார்கள். திரும்பி அவளிடமே வந்தார். இந்த முறை அவள் வலப்பக்கம் கையைக் காட்டித் தலையில் தொப்பி வைப்பதுபோல நடித்துக் காட்டினாள். அங்கிருந்து ஆறு இடத்தில் கேட்டுக்கேட்டு வந்தார். ஆறு பேரும் என்னைக் கண்டிருந்தார்கள். ஒருவரையும் பாராமல் போன தொப்பிக்காரர் என்று அடையாளம் சொன்னார்களாம்.

ஓடை வழியாகவே என்னைக் கீழ் றோட்டுக்குத் தூக்கிப்போய், ஒரு தோட்ட லொறியில் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். எலும்பைப் பொருத்திக் கட்டுப் போட்டார்கள். அடுத்த நாள் காலையில் அவர் கட்டிலடியில் வந்து நின்றார்.

"நான் போயிட்டு வாறன் கிளாக்கர். நிலாவெளி மீன் லொறி ஒண்டு நாளையிண்டைக்கு வெறுமனத் திரும்புதாம். அதில உங்களையும் சைக்கிளையும் ஏத்தச் சொல்லியிருக்கிறன்."

"நீங்கள் எங்க போறீங்கள்?"

"சனம் பாத்துக்கிட்டு நிக்கும்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத ஏலாது. கால் முறிந்து கிடக்கிறவனை ஒருவரையும் தெரியாத ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஒரு மனிதர் போவாரா? மூன்றாம் நாள் மீன் நாற்றத்துக்குள் காலை நீட்டிக்கொண்டு வந்தேன். நாவுலயைத் தாண்டும்போது இருமல் கிழவரின் கடை வாசலில் அந்தக் கறுத்தச் சைக்கிள் சாத்தியிருந்தது. இவர் தன் காலைத் தொட்டுக் காட்டிக் கிழவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹோன் அடித்தார். இவர் ஒரு கையை ஆட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

இரண்டு மாதம் நான் அவரோடு கதைக்கவில்லை. மனைவிதான் ஒரு நாள் குசினிக்குள் இருந்தபடியே கேட்டாள்: "காணாமப் போனது நீங்கள். கண்டுபிடிச்சது அவர். அப்ப கோவிக்க வேண்டியது ஆர்?"

அந்தக் கிழமையே அவர் வீட்டுக்கு வந்தார். கதிரை நுனியில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய கலகலப்பு இல்லை.

"எல்லாருக்கும் சொல்லிட்டன் கிளாக்கர், நீங்க உசிரோட இருக்கிறீங்க எண்டு. அந்த ஆறு பேருக்கும் சொன்ன. ஒரு ஆளுக்குத்தான் சொல்லக் கிடைக்கல்ல. சந்தியில கொட்டில் வெச்சிருந்த பொம்பள. நான் போன அண்டைக்குக் கொட்டில் பூட்டிக் கிடந்த. பக்கத்தில வீடுமில்ல."

"நானா, ஆயிரம் பேர் போற றோட்டு அது. அவவுக்கு எங்களை எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

"இருக்கும்."

"இராது."

அவர் ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். கோபம் தீர்ந்துவிட்டது எனக்கு. ஆனால் பிடிவாதம் தீரவில்லை. அடுத்த வருடம் லோஞ்ச் திருத்த வேலையில் கிடந்ததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியே போகிறேன் என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லத்தான் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். உண்மையில், அவளுக்கு ஒரு ஞாபகமும் இல்லை என்று வந்து சொல்லி அவருடைய மூக்கை உடைக்கத்தான் போனேன்.

வழியில் ஒருவரிடமும் நான் வழி கேட்கவில்லை. கேட்கிற இடைவெளியை அவர்களும் விடவில்லை. தம்புள்ளையில், நாவுலயில், மாத்தளையில் என்று எங்கே மூச்சு வாங்க நின்றாலும் யாராவது என் காலைக் காட்டி, "ஹொந்தத?" என்று சுகம் விசாரித்தார்கள். எனக்கு அவர்களில் பாதிப் பேரின் முகம்கூடத் தெரியாது.

அந்தச் சந்திக்கு ஏறி வந்தபோது மத்தியானம். அவள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளைச் சாத்தினேன். நிமிர்ந்து தொப்பியைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த சுளகு சரிந்து பலாக்கொட்டையெல்லாம் நிலத்தில் உருண்டது. எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் குந்தியிருந்து, என் காற்சட்டைக் காலைத் தூக்கி, முறிந்த இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகுதான் ஏசத் தொடங்கினாள். என்ன ஏச்சு! எனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் அந்த ஏச்சு முழுவதும் விளங்கியது. கூப்பிடக் கூப்பிடப் போனாயே, அன்றைக்குப் பின்னேரம் மழை கொட்டியதே, என் தங்கையின் வீட்டில் சாவு, நாலு நாள் கடை திறக்கவில்லை, வந்து யாரைக் கேட்டாலும் சரியாக ஒன்றும் தெரியவில்லையே என்றாள். ஏசிக்கொண்டே உள்ளே போய்க் கூரை வரிச்சில் செருகியிருந்த ஒன்றை இழுத்து எடுத்தாள். என்னுடைய சைக்கிள் பம்ப். நான் வலப்பக்கம் திரும்பிய வேகத்தில் அந்தச் சந்தியில் கழன்று விழுந்திருக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பதினொரு மாதமாகத் துடைத்து வைத்திருக்கிறாள். அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

நான் அழுதுவிட்டேன். இதை மறைக்க ஒன்றுமில்லை.

மகியங்கனைக்குப் போகப்போகிறேன் என்று சைகையில் சொன்னேன். அவள் இடப்பக்கத்தைக் காட்டினாள். மூன்று வளைவு தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். றோட்டுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஊருக்கு வந்ததும் நேரே ஜெட்டிக்குத்தான் போனேன். அவர் லோஞ்சைக் கட்டிக்கொண்டிருந்தார். பம்பைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தோற்றுப்போனதை இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர் பம்பை உருட்டி உருட்டிப் பார்த்து, ஒரு தடவை காற்றடித்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு கேட்டார்:

"திரும்பி வரக்குள்ள என்ன சொன்னா?"

"திரும்பி வரேக்க அந்தப் பக்கத்தால வரேல்லை நானா. மகியங்கனையில நெல்லு லொறி ஒண்டு கிடைச்சது. பொலன்னறுவையால வந்திட்டன்."

அவர் சிரிப்பு நின்றது. ஏசவில்லை. கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"அப்ப அவ இப்பவும் பாத்துக்கிட்டு நிப்பா."

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை நான் அநுராதபுரச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். அன்னாசிக்காரர் அப்போதுதான் கடை விரித்தார்.

"தம்பி, கண்டி பஸ் இந்தப் பக்கத்தாலதானே போறது?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன கிளாக்கர், உங்களுக்கும் பிடிச்சிட்டுதோ?"

"நாளைக்குப் பின்னேரம் வந்திருவன்" என்றேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குத் தெற்கே காலி நகரத் துறைமுகத்துக்கு மாற்றம் வந்தது. குடும்பத்தை முதலே அனுப்பிவிட்டார். ரயிலுக்குப் போகிற அன்று கறுத்தச் சைக்கிளில் லிங்கநகருக்கு வந்து என் படலையடியில் ஒரு காலை ஊன்றி நின்றார். இறங்கவில்லை. மனைவி கொடுத்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் மட்டும் வழி கேட்டதில்லை.

"கிளாக்கர், ஸ்டேசனுக்கு எப்பிடிப் போற?"

கையை நீட்டிக் காட்டினேன். "இப்பிடியே நேர போங்கோ நானா. பிறகு ஆரிட்டயும் கேளுங்கோ, காட்டுவினம்."

"நல்லம்" என்று சொல்லி மிதித்தார். நான் காட்டிய வழியால்தான் போகிறாரா என்று றோட்டில் இறங்கி நின்று பார்த்தேன். அந்த வழியால்தான் போனார். எத்தனை நாளில் திரும்புவார் என்பதை மட்டும் சொல்லவில்லை.